பச்சையா, நீலமா: ஓவன் ஜோன்ஸ் வரைந்த அல்ஹம்ப்ரா

1834ஆம் ஆண்டு கோடையில் ஸ்பெயினின் கிரனாடா நகரில், மலைமேல் இருந்த ஒரு பழைய அரண்மனைச் சுவர்களில் இரண்டு இளைஞர்கள் காகிதத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். பசையேற்றாத மெல்லிய காகிதம். சுதைவேலையின் மேடு பள்ளங்களுக்குள் இறங்கி அதன் வடிவத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். காகிதத்துக்குப் பிடிபடாதவற்றைப் பிளாஸ்டரில் அச்செடுத்தார்கள். மிச்ச நேரமெல்லாம் அளப்பதும் வரைவதும்தான். ஒருவர் ஓவன் ஜோன்ஸ், லண்டனில் பிறந்த வேல்ஸ் வம்சாவளியினர், வயது 25. இன்னொருவர் ஜூல் கூரி, பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர், ஜோன்ஸைவிட ஆறு வயது மூத்தவர். இருவரும் கிரீஸில் சந்தித்து, எகிப்தும் இஸ்தான்புலும் சுற்றிவிட்டு இங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று கூரி காலராவில் இறந்துபோனார். நண்பரை அங்கேயே விட்டுவிட்டு, இருவரும் வரைந்த தாள்களோடு ஜோன்ஸ் ஊர் திரும்பினார். மூன்று ஆண்டு கழித்து விட்டதை முடிக்க மறுபடியும் கிரனாடாவுக்குப் போனார்.

அந்தத் தாள்களிலிருந்துதான் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் அலங்காரக் கலை பெரும்பகுதி கிளைத்தது என்று சொன்னால் கொஞ்சம் மிகை. முழுப் பொய் இல்லை. எனக்கு அதைவிட ஆர்வம் தருவது வேறொன்று. பழைய கட்டடத்தின் கோலத்தைப் பார்த்து வரைகிறவர் இரண்டு வேலை செய்கிறார். கோட்டை எடுக்கிறார், வண்ணத்தை எடுக்கிறார். ஒரே கை, ஒரே தாள். ஆனால் கோடு தவறினால் அது தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். வண்ணம் தவறினால் வாயே திறக்காது. ஜோன்ஸின் வாழ்நாள் வேலையை இந்த ஒரு வேறுபாட்டை வைத்துப் படிக்கலாம் என்பது என் கட்சி.

முதலில் அந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினின் தெற்கே நஸ்ரித் வம்சத்து முஸ்லிம் அரசர்கள் 1238 தொடங்கிக் கட்டிய கோட்டையும் அரண்மனைகளும் சேர்ந்ததுதான் அல்ஹம்ப்ரா. இன்று நாம் வியந்து பார்க்கும் பகுதிகளில் பெரும்பாலானவை பதினான்காம் நூற்றாண்டில் முதலாம் யூசுஃப், அவர் மகன் ஐந்தாம் முஹம்மது ஆகிய இருவர் காலத்தவை. 1492இல் கிரனாடா கத்தோலிக்க மன்னர்களின் கைக்குப் போனது. அதன் பிறகு இடித்தார்கள், சேர்த்துக் கட்டினார்கள், மேலே வண்ணம் பூசினார்கள், மறந்தும் போனார்கள். 1812இல் நெப்போலியன் படைகள் பின்வாங்கும்போது சில கோபுரங்களை வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் போயின. ஜோன்ஸ் பார்த்தது அப்படி அடிபட்டு நின்ற ஒரு கட்டடத்தை.

ஒரு கூடத்துக்குள் நுழைந்தால் சுவர் மூன்று அடுக்காகத் தெரியும். இடுப்பளவோ மார்பளவோ உயரத்துக்குக் கீழ்ப்பகுதி முழுக்கப் பளபளக்கும் ஓட்டுத் துண்டுகள். வண்ண வண்ண ஓடுகளைச் சுட்டு, வேண்டிய வடிவத்துக்கு உளியால் கொத்தி, ஒன்றோடொன்று இழைத்துப் பதித்த வேலை. ஓவியம் போட்ட ஓடு கிடையாது. ஒவ்வொரு நிறமும் தனித் துண்டு. அதற்கு மேலே சுதை: கொடியும் இலையும் அரபு எழுத்தும் பின்னிப் பிணைந்து செதுக்கிய ஜிப்சம் சுவர். அரசவைக் கவிஞர்களின் பாடல்களும் அந்தச் சுவரில்தான் இருக்கின்றன. ஆக அது படிக்கவும் வேண்டிய சுவர். அதற்கும் மேலே மரக்கூரை. கொமாரஸ் கூடத்தின் கூரை மட்டும் 8,017 மரத்துண்டுகளால் ஆனது.

இந்த ஓட்டு வேலையை வரைந்து பார்க்காமல் எழுதுவது சமைக்காதவர் சமையல் குறிப்பு எழுதுவது போல. அதனால் நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை காம்பஸ், ஸ்கேல், சார்ட் காகிதம், கலர் பென்சில் எல்லாம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டுமுனை நட்சத்திரம் சுலபம். ஒரு சதுரம் போட்டு, அதே மையத்தில் அதே அளவுச் சதுரத்தை 45 பாகை திருப்பிப் போட்டால் வந்துவிடும். அந்த நட்சத்திரங்களை முனையோடு முனை தொடும்படி வரிசையாக அடுக்கினால், இடையில் யாரும் வரையாத சிலுவை வடிவங்கள் தாமாக விழும். வரைந்தவை பாதி, விழுந்தவை பாதி. குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் அவர்கள் அதிகம் ரசிப்பது அந்த விழுந்த பாதியைத்தான்.

என்னைத் திணறடித்தது வேறொரு கோலம். ஸ்பெயின்காரர்கள் அதைப் ‘பஹாரித்தா’ என்கிறார்கள். சின்னப் பறவை என்று பொருள். முக்கோணம்தான் அதன் உடம்பு. மூன்று பக்கமும் சமமான முக்கோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தின் நடுப்புள்ளியைக் குறித்து, அந்தப் பக்கத்தின் முதல் பாதியை வெளியே புடைக்கிற வில்லாகவும், மறு பாதியை அதே அளவு உள்ளே குழிகிற வில்லாகவும் மாற்ற வேண்டும். மற்ற இரண்டு பக்கங்களுக்கும் அதே சுற்றில் அதையே செய்ய வேண்டும். வெளியே கொடுத்த அளவு உள்ளே எடுத்தாகிவிட்டது, அதனால் பரப்பளவு கடுகளவும் மாறாது. நேர்க்கோட்டு முக்கோணங்கள் எப்படி இடைவெளியின்றித் தரையை நிரப்புமோ, இந்தச் சுழலும் பறவைகளும் அப்படியே நிரப்பும். ஒரு புள்ளியைச் சுற்றி ஆறு பறவைகள், எல்லாம் ஒரே திசையில் சுழலும். இதே சூத்திரத்தைச் சதுரத்தில் செய்தால் ‘எலும்பு’ என்று அவர்கள் அழைக்கும் வடிவம் வரும்: எதிரெதிர் இரண்டு பக்கங்களில் வெட்டியதை மற்ற இரண்டு பக்கங்களில் ஒட்டிவிடுவது.

என் முதல் தாள் வீணாகிப்போனது. ஐந்தாவது முக்கோணம் வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆறாவது வந்து முதலாவதோடு சேர மறுத்தது. காம்பஸ் எங்கோ அரை மில்லிமீட்டர் நழுவியிருக்கிறது. அது எங்கே என்று எனக்குத் தெரியவில்லை, தாளுக்குத் தெரிந்திருந்தது. மேலே சொன்ன கட்சிக்கு என் கையிலிருக்கும் சாட்சி இந்தத் தாள்தான். வடிவியல் கோலத்தில் கோடு ஒரு கணக்கு. தப்பினால் கோலம் மூடாது. அறுநூறு ஆண்டுக்கு முன்னே கிரனாடாவில் ஓடு கொத்தியவரும் இதே கண்டிப்புக்குக் கட்டுப்பட்டவர்தான். 1834இல் அளந்த இளைஞனும் அதே கண்டிப்புக்குக் கட்டுப்பட்டவன். அதனால்தான் ஜோன்ஸ் வரைந்த கோடுகளை இன்றும் நம்பலாம்.

இந்தக் கணக்கைத் தொழில்காரர்கள் எப்படிக் கைமாற்றினார்கள் என்பதற்கு இஸ்தான்புலின் தோப்காபி அரண்மனை நூலகத்தில் ஒரு சான்று இருக்கிறது. 29 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள ஒரு காகிதச் சுருள், 114 கோலங்கள். பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் ஈரான் பக்கம் உருவானது. குல்ரு நெஜிபோலு 1995இல் இதை முழுமையாகப் பதிப்பித்தபோதுதான் வெளியுலகம் அதன் அருமையை உணர்ந்தது. அதில் மையிட்ட கோடுகளுக்கு அடியில் மையே இல்லாத கோடுகளும் இருக்கின்றன. கூரிய முனையால் கீறிய வெறும் பள்ளங்கள். சாய்வாக வெளிச்சம் பட்டால் மட்டுமே தெரியும். வட்டங்களும் ஆரங்களும் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன. பார்வைக்கு வருவது கோலம், கண்ணுக்குப் படாமல் கிடப்பது அதன் இலக்கணம். 2007இல் பீட்டர் லூ, பால் ஸ்டைன்ஹார்ட் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் இந்தச் சுருளையும் இஸ்ஃபஹானில் 1453இல் கட்டிய தர்பே இமாம் என்ற அடக்கத்தலத்தையும் ஆராய்ந்து, ஐந்து அடிப்படை ஓடுகளைக் கொண்டு இந்தக் கோலங்களை அமைத்திருக்கிறார்கள் என்று வாதிட்டார்கள். கணிதம் 1970களில் பேசத் தொடங்கிய ‘திரும்ப வராத’ ஒழுங்கை நெருங்கிய அமைப்புகள் அவை என்றார்கள். அந்த முடிவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் விவாதம் இருக்கிறது. எனக்கு அந்தக் கீறல்களே போதும்.

டச்சு ஓவியர் எஷரும் அல்ஹம்ப்ராவின் சுவர்களுக்கு மாணவர். 1922இல் முதல் முறை வந்தார். 1936இல் மனைவியோடு மறுபடியும் வந்து நாள்கணக்கில் உட்கார்ந்து ஓட்டுக் கோலங்களைப் பார்த்து வரைந்தார். பல்லியும் பறவையும் மீனும் இடைவெளியின்றிக் கோத்துக்கொள்ளும் அவருடைய பிற்காலப் படங்கள் அந்த இரண்டாம் வருகைக்குப் பிறகு வந்தவை. தளத்தை நிரப்பும் கோலங்களின் சமச்சீர் வகை மொத்தம் 17தான் என்பதை ரஷ்யரான ஃபெடரோவ் 1891இல் நிறுவியிருந்தார். அந்தப் பதினேழும் அல்ஹம்ப்ராவில் இருக்கின்றனவா என்பது கணித ஆசிரியர்களின் நெடுநாள் சண்டை. எடித் முல்லர் 1944இல் சூரிக் பல்கலைக்கழக ஆய்வேட்டில் தொடங்கிவைத்த எண்ணிக்கை அது. ஒருவர் பதின்மூன்று என்பார், ஒருவர் பதினேழும் உண்டு என்பார். சண்டைக்கு ஒரு காரணம் நம் விஷயத்தோடு நேரடியாகத் தொடர்புள்ளது: ஓட்டின் வடிவத்தை மட்டும் எண்ணினால் ஒரு விடை, வண்ணத்தையும் சேர்த்து எண்ணினால் வேறு விடை. மேலே சொன்ன பறவைக் கோலத்தில் ஒன்றுவிட்டு ஒன்று கறுப்படித்துப் பாருங்கள். அதுவரை ஒன்றுபோல இருந்த இரண்டு பறவைகள் இரண்டு சாதியாகிவிடும். கோட்டில் ஒரு மாற்றமும் இல்லை, கோலம் மட்டும் வேறாகிவிட்டது.

வண்ணத்துக்கு வருவோம். லண்டன் திரும்பிய ஜோன்ஸுக்கு முதல் சிக்கல் தொழில்நுட்பம். அவர் கொண்டுவந்த நீலமும் சிவப்பும் பொன்னும் கலந்த படங்களை அவர் விரும்பியபடி அச்சிட்டுத் தர ஆளில்லை. அதுவரை வண்ணப் படம் என்றால் கறுப்பில் அச்சடித்துவிட்டுக் கையால் சாயம் தீட்டுவதுதான் பெரும்பாலும் வழக்கம். கல்லச்சில் வண்ணத்துக்கு ஒரு கல் வேண்டும். நீலப் பகுதிகளை மட்டும் ஒரு கல்லில் மெழுகு மையால் வரைய வேண்டும். சிவப்புக்கு இன்னொரு கல், பொன்னுக்கு மற்றொன்று. ஒரே தாள் அத்தனை கற்களின் மேலும் போய்வர வேண்டும். ஒரு முறை தாள் மயிரிழை விலகினாலும் இலை ஓரிடத்தில், அதன் பச்சை ஓரிடத்தில் நிற்கும். ஜோன்ஸ் தானே அச்சகம் போட்டார், கற்றுக்கொண்டார், தந்தை வழி வந்த வேல்ஸ் நிலத்தில் ஒரு பகுதியை விற்றார். 1836இல் பகுதி பகுதியாக வரத் தொடங்கிய அல்ஹம்ப்ரா நூல் முடிய 1845 ஆனது. அரபுக் கல்வெட்டுகளை ஸ்பானிய அறிஞர் பாஸ்குவால் தெ கயாங்கோஸ் மொழிபெயர்த்துத் தந்தார். வருமானம் என்று பார்த்தால் அது நஷ்டக் கணக்கு. ஆனால் இங்கிலாந்தில் வண்ணக் கல்லச்சு ஒரு தொழிலாக நிமிர்ந்ததற்கு அந்த நஷ்டமும் ஒரு காரணம்.

கவனியுங்கள், இந்த அச்சுமுறை வண்ணத்தைத் தனித்தனியாகப் பிரித்துச் சிந்திக்கச் சொல்கிறது. நீலம் ஒரு கல், சிவப்பு ஒரு கல், மஞ்சள் ஒரு கல். ஜோன்ஸின் வண்ணக் கோட்பாடும் அச்சாக அதே போலத்தான். ஜார்ஜ் ஃபீல்ட் என்ற வண்ண வேதியியலாளரிடமிருந்து அவர் ஒரு விகிதத்தை எடுத்துக்கொண்டார்: மஞ்சள் 3, சிவப்பு 5, நீலம் 8 என்ற அளவில் இருந்தால் கண் நிறைவடையும் என்பது அது. குழிந்த பரப்புக்கு நீலம், புடைத்த பரப்புக்கு மஞ்சள், அடிப்புறத்துக்குச் சிவப்பு, நடுவே பிரிக்க வெள்ளை. 1851இல் லண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சிக்காக ஜோசஃப் பாக்ஸ்டன் எழுப்பிய 1,848 அடி நீளமுள்ள கண்ணாடி மாளிகையின் உட்புற இரும்புக்கு இந்த விதிப்படிதான் வண்ணம் அடிக்கச் செய்தார். திறப்பதற்கு முன் பத்திரிகைகள் கேலி செய்தன. மே 1 அன்று கதவு திறந்ததும் கேலி அடங்கியது. தூரம் போகப் போக மூன்று வண்ணமும் கலந்து ஒரு மங்கிய நீலப் புகையாகக் கரைவதைப் பார்த்தவர்கள் வியந்தார்கள். விகிதக் கணக்கில் அறிவியல் பலம் குறைவு. ஆனால் அதைக் கையாண்ட கண் நல்ல கண்.

அதே பொருட்காட்சியில்தான் இந்தியத் துணிகளும் பாத்திரங்களும் பூவேலைகளும் ஜோன்ஸை உலுக்கின. ஐரோப்பியத் தொழிற்சாலைச் சரக்கெல்லாம் ரோஜாப்பூவை நிழலோடு வரைந்து கம்பளத்தில் போட்டுக்கொண்டிருந்த காலம். நடந்தால் பூவை மிதிக்கிற மாதிரி இருக்கும். இந்தியக் கைவினைஞர் பூவைத் தட்டையாக்கி, விதிக்கு உட்படுத்தி, இடத்துக்கு இடம் அளந்து வைத்திருந்தார். பொருட்காட்சியிலிருந்து அருங்காட்சியகத்துக்குப் பொருள்கள் வாங்க அரசு 5,000 பவுண்டு ஒதுக்கியபோது தேர்வுக் குழுவில் ஜோன்ஸும் ஒருவர். இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் வித்துகளில் ஒன்று அந்தக் கொள்முதல்.

1856இல் வந்தது அவருடைய பெரிய நூல், ‘அலங்காரத்தின் இலக்கணம்’. 20 அத்தியாயம், 37 விதிகள், 100 வண்ணப் படங்கள். எகிப்து, அசீரியா, கிரீஸ், பைசாந்தியம், அரபு, துருக்கி, பாரசீகம், இந்தியா, சீனா எல்லாம் ஒரே அளவுத் தாளில். ஜோன்ஸின் மாணவர்கள் மூலப் படங்களைச் சுருக்கி வரைந்தார்கள். ஃபிரான்சிஸ் பெட்ஃபோர்டும் அவர் உதவியாளர்களும் நூறு படங்களையும் ஓராண்டுக்குள் கல்லில் ஏற்றினார்கள்.  நூலின் முதல் அத்தியாயமே பழங்குடிகளின் அலங்காரம் பற்றியது. ‘காட்டுமிராண்டி’ என்ற அந்தக் காலத்துச் சொல்லைத் தலைப்பிலேயே வைத்துக்கொண்டு, நியூசிலாந்து மவோரி முகப்பச்சையின் கோடுகளை வாயார மெச்சுகிறார். சொல் அழுக்கு, பார்வை சுத்தம். இந்த முரண் புத்தகம் முழுக்க ஓடுகிறது.

அந்த நூலின் செல்வாக்கைச் சொல்ல இரண்டு பேர் போதும். அமெரிக்காவில் இளைஞன் ஃபிராங்க் லாய்ட் ரைட் அதிலிருந்து நூறு தாள் அளவுக்கு மெல்லிய காகிதத்தில் பிரதியெடுத்ததாகத் தன் வரலாற்றில் சொல்கிறார். சுவிட்சர்லாந்தில் பின்னாளில் லே கொர்புசியே என்று பேர்பெற்ற மாணவன், கலைப்பள்ளியில் அதே படங்களைப் பார்த்து வரைந்தான். அலங்காரத்தையே துடைத்தெறிந்த நவீனக் கட்டடக்கலையின் பெரிய ஆள் ஒருவர் அலங்காரப் புத்தகத்தில் கைபழகியவர்.

ஆனால் அந்த நூறு படங்களை இன்று புரட்டும்போது எனக்கு ஒரு சங்கடம் தோன்றுகிறது. எல்லாம் புத்தம் புதிதாக இருக்கின்றன. விரிசல் இல்லை, கறை இல்லை, தேய்மானம் இல்லை. ஓர் எகிப்தியத் தூணும் ஒரு பாரசீகக் கையெழுத்துப் பிரதியின் ஓரமும் ஒரே அளவில், ஒரே பளபளப்பில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. கட்டடத்திலிருந்து உரித்தெடுத்த தோல் போல. சுவரில் எந்த உயரத்தில் இருந்தது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, மேலே எது, கீழே எது, எதுவும் தெரியாது. அல்ஹம்ப்ராவின் சுதைப்படங்களில் சிவப்பும் நீலமும் பொன்னும் நேற்றுத் தீட்டியது போல மின்னுகின்றன. 1834இல் சுவர் அப்படி இல்லை.

அப்படியானால் அந்த வண்ணம் எங்கிருந்து வந்தது? ஜோன்ஸ் இதை ஒளிக்கவில்லை, வெளிப்படையாக வாதிடுகிறார். மூர்கள், அதாவது ஸ்பெயினின் முஸ்லிம்கள், சுதையில் பயன்படுத்தியவை எப்போதும் மூன்று முதல் வண்ணங்களே: நீலம், சிவப்பு, மஞ்சளுக்குப் பதில் பொன். பச்சை, ஊதா, ஆரஞ்சு ஆகிய இரண்டாம் வண்ணங்கள் கண்ணுக்கு அருகிலுள்ள கீழ்ச்சுவர் ஓடுகளில் மட்டும். இது அவர் கொள்கை. ஆனால் சுதையிலும் அங்கங்கே பச்சைப் பின்புலம் தெரிந்ததே? அது பச்சையே இல்லை, உலோகச் சத்துள்ள நீலம் காலத்தால் பச்சையாகிவிட்டது என்றார். ஆதாரமில்லாமலும் சொல்லவில்லை; செதுக்கலின் இடுக்குகளில் நீலத் துகள்களை அவரே பார்த்திருக்கிறார். பிறகு சில இடங்களில் பச்சையும் ஊதாவும் உறுதியாகவே இருந்தனவே என்றால், அவை கத்தோலிக்க மன்னர்கள் காலத்தில் பழுதுபார்த்தவர்கள் பூசியவை என்றார். சிங்க முற்றத்தின் வெள்ளைப் பளிங்குத் தூண்கள்? அவையும் முன்பு பொன்பூசியவைதான் என்றார். அத்தனை வண்ணத்துக்கு அடியில் வெள்ளைத் தூண் நின்றிருக்காது என்பது தர்க்கம்.

செம்புச் சத்துள்ள நீலம் பச்சையாக மாறுவது வேதியியலில் நடக்கக்கூடியதே. ஆக அவர் சொன்னதில் உண்மை உண்டு. எனக்கு உறுத்துவது ‘எப்போதும்’ என்ற அந்தச் சொல். கண்ணில் பட்டது விதிக்கு ஒத்துவந்தால் சான்று. ஒத்துவராவிட்டால் காலத்தின் குற்றம், இல்லையேல் பின்னால் வந்தவர்களின் குற்றம். எந்தப் பக்கம் விழுந்தாலும் விதி ஜெயிக்கும். பறவைக் கோலத்தில் அவர் இப்படி விளையாடியிருக்க முடியாது. ஆறாவது முக்கோணம் விட்டிருக்காது.

இந்தக் கதைக்கு 2022இல் ஒரு துணைக்கதை சேர்ந்தது. அல்ஹம்ப்ராவின் பொன்பூசிய சுதைகளில் ஆங்காங்கே ஊதா நிறத் திட்டுகள் தெரிவதுண்டு. யாரோ ஊதா பூசியிருக்கிறார்கள் என்றுதான் எவருக்கும் தோன்றும். கிரனாடா பல்கலைக்கழகத்தின் கரோலினா கார்டெல், இசபெல் குவெரா இருவரும் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து வேறு காரணம் சொன்னார்கள். அங்கே தகரத் தகட்டின் மேல் பொன் ஒட்டியிருந்தது. கடற்காற்று சுமந்துவந்த உப்பும் ஈரமும் தகரத்தை அரித்தன. அரிப்பில் பொன்னும் கரைந்து, மறுபடி மிக நுண்ணிய உருண்டைகளாகப் படிந்தது. சுமார் 70 நானோமீட்டர் அளவில் பொன் மஞ்சளாகத் தெரியாது, ஊதாவாகத் தெரியும். ஜோன்ஸ் குறிப்பிட்ட பின்புலத்து ஊதாவும் இந்தத் திட்டுகளும் ஒன்றல்ல, இரண்டையும் குழப்பக் கூடாது. ஆனாலும் பொன்னே ஊதாவாகத் தெரியக்கூடிய ஒரு சுவரின் முன் நின்று, ‘இது முன்பு இன்ன வண்ணம்’ என்று கண்ணால் மட்டும் தீர்ப்புச் சொல்வது எவ்வளவு ஆபத்து என்பது இதில் தெரிகிறது.

இனி நம் பக்கத்துக் கணக்கு. அந்த நூறு படங்களில் இந்துக் கலைக்கு ஜோன்ஸ் ஒதுக்கியவை மூன்றே மூன்று. போதிய மாதிரிகள் கிடைக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். கையிலிருந்த நூல்களில் முக்கியமானது ராம் ராஸ் எழுதியது. இவர் தஞ்சாவூரில் பிறந்தவர். சென்னையில் கம்பெனி அலுவல் பார்த்து, பெங்களூரில் நீதிபதியாக உயர்ந்தவர். சிற்ப நூல்களின் சுவடிகளைத் தேடித் திரட்டி, அவற்றின் கலைச்சொற்கள் பண்டிதருக்கே புரியாத இடங்களில் தொழில் தெரிந்த சிற்பிகளைக் கேட்டு, தென்னாட்டுக் கோயில்களின் அளவையும் உறுப்புகளையும் ஆங்கிலத்தில் விளக்கினார். 48 படங்களோடு லண்டன் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டி 1834இல் அதை வெளியிட்டது. அச்சில் பார்க்க அவர் உயிரோடு இல்லை. ஜோன்ஸும் கூரியும் கிரனாடாவில் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டு அது. இரண்டும் ஒரே வேலை: கட்டடத்திலிருந்து விதியைப் பிரித்தெடுப்பது. ராம் ராஸின் படங்கள் துல்லியமான கோட்டுப் படங்கள். அவற்றில் வண்ணம் இல்லை.

வேறு என்ன இருந்தது ஜோன்ஸ் முன்னால்? சொசைட்டி மாளிகையில் ஒரு கற்சிலை, மற்றும் அஜந்தா ஓவியங்களின் பிரதிகள். சென்னைப் படையைச் சேர்ந்த மேஜர் ராபர்ட் கில் 1844 முதல் ஆண்டுக்கணக்கில் குகைகளில் தங்கி எடுத்த பிரதிகள் அவை. லண்டனின் சிட்னமில் மறுபடி எழுப்பிய கண்ணாடி மாளிகையில் மாட்டியிருந்தன. அந்த மாளிகையில்தான் ஜோன்ஸ் தன் அல்ஹம்ப்ரா முற்றத்தை வண்ணமும் பொன்னுமாகக் கட்டிக் காட்டியிருந்தார். கில்லின் படங்களைப் பற்றி அவர் சொன்ன கருத்துதான் வேடிக்கை: ஐரோப்பியர் ஒருவரின் கையில் வரைந்தவை, எவ்வளவு தூரம் நம்பலாமென்று சொல்ல முடியாது! இந்தச் சந்தேகத்தைத் தன் கையின்மேலும் ஒரு தரம் திருப்பியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். 1866 டிசம்பரில் அந்த மாளிகையில் பிடித்த தீயில் கில்லின் பிரதிகள் பெரும்பாலும் அழிந்தன. பிறகு பம்பாய்க் கலைப்பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸும் மாணவர்களும் 1872 முதல் எடுத்த புதிய பிரதிகளில் பலவும் 1885இல் லண்டனில் எரிந்தன. மாளிகை முழுவதும் சாம்பலானது 1936 நவம்பர் 30 அன்று.

ஜோன்ஸ் காலத்து லண்டனில் இருந்த ஒருவருக்குத் தென்னிந்தியக் கோயில் என்றால் நிறமில்லாத கல் என்ற எண்ணம் வருவதில் வியப்பில்லை. சித்தன்னவாசல் குகையின் விதானத்தில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தாமரைக் குளமும், கம்பளம் விரித்தது போன்ற கட்டக் கோலமும் புதுக்கோட்டைப் பக்கம் யார் கண்ணிலும் படாமல் கிடந்தன. தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய இருண்ட நடையில் நாயக்கர் காலத்து ஓவியங்கள் உதிர்ந்த இடங்களில் அடியிலிருந்த சோழர் ஓவியம் வெளிப்பட்டதை எஸ். கே. கோவிந்தசாமி கண்டு சொன்னது 1931இல். ராம் ராஸ் பிறந்த அதே ஊர். ஒரு வண்ணத்தின் அடியில் இன்னொரு வண்ணம் இருக்கும் என்பதற்கு நமக்கு கிரனாடா வரை போகத் தேவையில்லை.

வாசகரிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. உங்கள் ஊர்க் கோயில் மண்டபத்து விதானத்திலோ, பழைய சத்திரத்துச் சுவரிலோ, பள்ளிவாசல் முகப்பிலோ, மர உத்தரத்திலோ இப்படி ஒரு வண்ணக் கோலம் இருக்கலாம். அடுத்த திருப்பணிக்கு முன்னால், எனாமல் டப்பா திறப்பதற்கு முன்னால், ஒரு நாள் போய் உட்கார்ந்து அதை வரையுங்கள். கைபேசியில் படமும் எடுங்கள், ஆனால் வரையுங்கள். எத்தனை முனை, எந்த மையத்திலிருந்து எந்த வட்டம் என்பது வரைந்தால்தான் பிடிபடும். தாளின் மூலையில் தேதியும் நேரமும் எழுதுங்கள், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்றும் எழுதுங்கள். உதிர்ந்த இடத்தை வெற்றாகவே விடுங்கள், நிரப்பாதீர்கள். வண்ணம் தீட்டும்போது, அது முன்பு என்ன நிறமாக இருந்திருக்கும் என்ற உங்கள் ஊகத்தைத் தனித்தாளில் வைத்துக்கொள்ளுங்கள். பச்சையாகத் தெரிந்தால், பச்சை என்றே எழுதுங்கள்.